பந்தல் மிச்சப் பணம்: கொசுவலையா, மழைக்கால மாத்திரையா, மதுரையா?

தைப்பூசம் முடிந்து, நாற்காலி வாடகை, ஐஸ் கட்டி, லாரிக் கூலி எல்லாம் தீர்த்த பிறகு எங்கள் தண்ணீர்ப் பந்தல் கணக்கில் 20,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) கொஞ்சம் மேலேயே மிச்சம் நிற்கிறது. பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் பந்தல் போடுகிற பல குழுக்களுக்கும் இது பழகிய சங்கடம்தான். ஜனங்கள் தர்மத்துக்கென்று கொடுத்த காசு, வங்கியில் கிடந்தால் சரியில்லை. அடுத்த வருஷ முதலுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்தாகிவிட்டது. மீதியை ஏழை நாடுகளில் நோய்த் தடுப்புக்கோ சிகிச்சைக்கோ கொடுக்கலாம் என்று குழுவில் முடிவாகிவிட்டது. எங்கே, யார் வழியாக என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. வந்த யோசனைகளை ஒப்பிட்டு எழுதித் தரச் சொன்னார்கள். பினாங்கிலும் பத்துமலையிலும் பந்தல் நடத்துகிற மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்று இங்கே போடுகிறேன்.

முதலில், “நம்ம பி40 குடும்பங்க இருக்கும்போது ஆப்பிரிக்கா எதுக்கு தம்பி?” என்று கேட்ட அண்ணனுக்கு. (பி40 என்றால் நாட்டில் வருமானம் குறைந்த 40 சதவிகிதக் குடும்பங்கள்.) பள்ளிப் பிள்ளைகளுக்கான உதவி தனிக் கணக்கு, அது தொடரும், அதில் கை வைக்கவில்லை. ஆனால் நோய் என்று வரும்போது இங்கே ஒரு குடிமகன் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரையும் பார்த்து மருந்தையும் வாங்கிக்கொண்டு வருகிறார். காத்திருக்கும் நேரத்தைப் பற்றி மணிக்கணக்கில் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனாலும் வழி இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் மலேரியா கண்டவர்கள் 26 கோடியே 30 லட்சம் பேர், இறந்தவர்கள் 5,97,000 பேர். அந்தச் சாவில் 95 சதவிகிதம் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். தடுக்கவும் தெரியும், குணப்படுத்தவும் தெரியும், மருந்தும் மலிவு. அப்படிப்பட்ட நோயில் இத்தனை சாவு.

அதனால் ஒவ்வொரு யோசனையையும் ஒரே கேள்வியால் தட்டிப் பார்த்தேன்: மருந்தோ தடுப்போ அந்த ஆளிடம் போய்ச் சேராமல் எது மறிக்கிறது? பணம் இல்லாததா, விலையா, மருந்தே கண்டுபிடிக்கப்படாததா, கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லாததா? எங்கள் கையில் இருப்பது பணம் மட்டும், அதுவும் சின்னத் தொகை. பணம் மட்டுமே குறையாக இருக்கும் இடத்தில்தான் அது முழுதாக வேலை செய்யும்.

சீக்கிரம் கழிக்கக்கூடியவை

மருத்துவ முகாம். அதிகக் கைகள் உயர்ந்தது இதற்குத்தான். டாக்டர்களையும் தொண்டர்களையும் கூட்டிக்கொண்டு இலங்கை மலையகத்துக்கோ கம்போடியாவுக்கோ போய் இரண்டு நாள் முகாம் போடலாம் என்றார்கள். புண்ணியத்தோடு ஒரு பயணமும் கிடைக்கும், ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் டிக்கெட்டும் தங்குமிடமும் பாதிப் பணத்தைத் தின்றுவிடும். ரத்த அழுத்தம் பார்த்து ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால், அடுத்த மாதத்துக்கு யார்? இலங்கையில் இலவச அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. மலேரியாவை ஒழித்ததற்காக 2016-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று வாங்கிய நாடு அது. 2022 நெருக்கடியில் அங்கே மருந்து கிடைக்காமல் போனது, இறக்குமதிக்கு டாலர் இல்லாததால். நாம் போய் இறங்காததால் இல்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. இதை எதிர்த்துப் பேசவே மனசு வரவில்லை. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கையோடு தொடங்கியது. கண்புரை அறுவைக்கு உள்ளே வைக்கும் லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்ற காலத்தில், 1992-ல் ஆரோலேப் என்று சொந்தத் தொழிற்சாலை தொடங்கி, பத்து டாலருக்கும் கீழே கொண்டுவந்தார்கள். இன்று அந்த லென்ஸ் உலகம் முழுக்கப் போகிறது. மருந்தை மலிவாக்கிச் சாமானியனிடம் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் இல்லை. எங்கள் பணத்துக்கு இது பொருந்தாததற்கும் அந்த வெற்றிதான் காரணம். கட்டணம் கட்டுகிறவர்களின் காசிலேயே கட்ட முடியாதவர்களுக்கும் அறுவை நடக்கும்படி அவர்கள் அமைத்துவிட்டார்கள். நன்கொடை வந்தால்தான் அடுத்த அறுவை என்ற நிலை அங்கே இல்லை. ஊர்ப்பாசத்துக்காகக் கொடுக்கலாம், அதைத் தனியாகக் கொடுப்போம்.

மலேரியாத் தடுப்பூசி. 2021-ல் ஒன்றுக்கும் 2023-ல் இன்னொன்றுக்கும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரை கொடுத்தது. இரண்டாவதான ஆர்21-ஐ புனேயில் இருக்கும் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது. ஒரு டோஸ் நான்கு டாலருக்கும் கீழே, ஒரு குழந்தைக்கு நான்கு டோஸ். நல்ல சரக்குதான். ஆனால் ஏழை நாடுகளுக்கு அதை மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் ‘காவி’ (Gavi) என்ற சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டமைப்பு அரசாங்கங்களின் நூற்றுக்கணக்கான கோடி டாலரில் ஓடுகிறது. நம் பணம் அங்கே கடலில் கரைத்த பெருங்காயம்.

மருந்தின் விலையோடு மோதுவது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் நம் நாட்டுக்கே ஒரு பங்கு உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது.

2013 கடைசியில் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கல்லீரலைக் கெடுத்து மெல்லக் கொல்லும் நோய், 12 வார மாத்திரையில் குணமாகும் என்பது அப்போது பெரிய செய்தி. ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர் என்பது அதைவிடப் பெரிய செய்தி. மிகவும் ஏழையான நாடுகளுக்கு மலிவுப் பதிப்பு தயாரிக்க உரிமம் கிடைத்தது. மலேசியாவை நடுத்தர வருமான நாடு என்று அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. இங்கே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் கிருமி இருக்கலாம் என்று மதிப்பீடு. 2017 செப்டம்பரில் அமைச்சரவை 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவைப் பயன்படுத்தியது. காப்புரிமை யாரிடம் இருந்தாலும் அரசாங்கத் தேவைக்கு மலிவுப் பதிப்பை வாங்கிக்கொள்ளலாம் என்பது அந்தப் பிரிவு. மறு வருஷத்திலிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசமானது. இது முதல் தடவையும் இல்லை. 2003-ல் எச்ஐவி மருந்துகளுக்கும் இதே வழியில்தான் இந்தியாவிலிருந்து மலிவுப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. சுகாதார அமைச்சும், டி.என்.டி.ஐ. என்ற லாப நோக்கமற்ற மருந்து ஆராய்ச்சி அமைப்பும், எகிப்து நிறுவனம் ஒன்றும் சேர்ந்து ராவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தைத் தேற்றினார்கள். மலேசியாவிலும் தாய்லாந்திலும் சோதனை நடந்தது. சோஃபோஸ்புவிரோடு சேர்த்துக் கொடுத்ததில் 97 சதவிகிதம் பேருக்குக் குணம். 2021-ல் அது முதன்முதலாகப் பதிவானது மலேசியாவில்தான். டி.என்.டி.ஐ. 2003-ல் உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் நம் சுகாதார அமைச்சும் ஒன்று. கோலாலம்பூரில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் தூக்க நோய்க்கு ஃபெக்ஸினிடசோல் என்ற வாய்வழி மாத்திரையை 2018-ல் ஒப்புதல் வரைக்கும் கொண்டுசென்றதும் இதே அமைப்புதான். ஒரு காலத்தில் அந்த நோய் முற்றினால் ஆர்சனிக் கலந்த ஊசிதான். அந்த ஊசியே இருபதில் ஒருவரைக் கொன்றது.

மனசுக்குப் பிடித்த வழி எது என்று கேட்டால் இதுதான் என்பேன். நம் தொகையை வைத்து யோசித்தால் பதில் மாறுகிறது. ஒரு புது மருந்தைத் தேற்ற பல கோடி யூரோ வேண்டும், பத்துப் பதினைந்து வருஷம் வேண்டும். ஹெபடைட்டிஸ் சி விஷயத்தில் பூட்டைத் திறந்தது நன்கொடை இல்லை, அமைச்சரவையின் ஒரு முடிவு. அந்த முடிவை நோக்கித் தள்ளியவர்கள் நோயாளிகளும் பொதுநல அமைப்புகளும். இங்கே பினாங்கிலிருந்தே இயங்கும் மூன்றாம் உலக வலையமைப்பு, மருந்துக் காப்புரிமை பற்றிப் பல வருஷமாக எழுதியும் வாதாடியும் வருகிறது. வர்த்தக ஒப்பந்தங்களில் காப்புரிமைக் காலத்தை நீட்டும் ஷரத்து வரும்போதெல்லாம் எம்.பி.க்குக் கடிதம் எழுதலாம், கையெழுத்து வாங்கலாம். பந்தல் குழுவுக்கு ஆள்பலம் உண்டு, அதைச் செய்ய 20,000 வெள்ளி தேவையில்லை. பணத்தை வேறு இடத்துக்கு விடுவோம்.

வலையும் மாத்திரையும்

மிஞ்சியவை இரண்டு. இரண்டுமே மலேரியாவுக்கு. இரண்டிலும் மறிப்பது பெரும்பாலும் பணம்தான்.

கொசுவலைக்குச் சாட்சி அதிகம். 2000-க்கும் 2015-க்கும் இடையில் ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியாவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மருந்து தோய்த்த வலைகளால் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. வலை கொடுத்த ஊர்களையும் கொடுக்காத ஊர்களையும் ஒப்பிட்ட சோதனைகளில் குழந்தைச் சாவு 17 சதவிகிதம் குறைந்தது, மலேரியாக் காய்ச்சல் ஏறக்குறையப் பாதியானது. அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதையே முழுநேர வேலையாகச் செய்கிறது. வலை ஒன்று இரண்டு டாலர் சொச்சம். கொண்டுபோய் வீட்டில் சேர்ப்பதையும் சேர்த்தால் ஐந்தாறு டாலர்.

பொருளாளர் அக்காவுக்கு ஒரு சந்தேகம். “சும்மா கொடுத்தா மதிப்பிருக்காது. பத்துக் காசாவது வாங்கணும்.” நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் நினைக்கிறோம். இதை கென்யாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜெசிக்கா கோஹென், பாஸ்கலின் டூபா என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கர்ப்பிணிகளுக்கான கிளினிக்குகளில் சில இடத்தில் வலையை இலவசமாகவும் சில இடத்தில் சின்ன விலைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2010-ல் வெளிவந்தது. இலவசத்திலிருந்து 60 அமெரிக்கக் காசுக்கு ஏற்றியதும் வாங்குகிறவர்கள் 60 சதவிகிதப் புள்ளி குறைந்துபோனார்கள். சும்மா வாங்கியவர்கள், காசு கொடுத்தவர்களைவிடக் குறைவாக வலையைக் கட்டினார்களா என்றால், இல்லை. நம் பந்தலிலும் மோருக்குக் காசு கேட்பதில்லையே அக்கா.

வலையை மீன்பிடிக்க எடுத்துப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. அப்படியும் நடக்கிறது, மொத்தத்தில் சிறு பங்கு. நிஜமான குறை வேறு. மூன்று வருஷம் உழைக்கும் என்று சொல்லும் வலை பல இடங்களில் அதற்கு முன்பே கிழிகிறது. வலையில் தோய்க்கும் பைரித்ராய்டு என்ற கொசுக்கொல்லி மருந்துக்குக் கொசு பழகிவிட்டது. இரண்டாவது மருந்தும் சேர்த்த புது வலைகள் இப்போது வருகின்றன, விலை கொஞ்சம் கூட.

அடுத்தது மழைக்கால மாத்திரை. சஹாராவுக்குத் தெற்கே சாஹேல் என்று ஒரு பட்டை நாடுகள்: நைஜீரியாவின் வடபகுதி, புர்கினா ஃபாசோ, சாட் போன்றவை. அங்கே வருஷ மலேரியாவில் பெரும்பகுதி மழையின் நான்கைந்து மாதத்தில் வந்துவிடும். அந்த மாதங்களில் மூன்று மாதக் குழந்தை முதல் ஐந்து வயது நிரம்பாதவர் வரை, நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், 28 நாளுக்கு ஒரு முறை இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை கொடுக்கிறார்கள். ஊர்த் தொண்டர் வீட்டு வாசலுக்கு வந்து முதல் நாள் மாத்திரையைத் தன் கண்ணெதிரே விழுங்க வைப்பார். அடுத்த இரண்டு நாளைக்கானதைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் போவார். 2012-ல் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. சோதனைகளில் அந்தக் காலத்து மலேரியா முக்கால் பங்கு குறைந்தது. ஒரு குழந்தைக்கு ஒரு மழைக்காலத்துக்கு ஏறக்குறைய ஏழு டாலர், அதாவது முப்பது வெள்ளி அளவில். லண்டனில் இருக்கும் மலேரியா கன்சார்ஷியம் இதில் முன்னணி.

இதைப் படித்ததும் எங்களில் மூத்தவர் ஒருவர், “இது நம்ம தோட்டத்துக் கொயினா (குவினைன்) மாதிரி இருக்கே” என்றார். உண்மைதான். மலாயா ரப்பர் தோட்டங்களில் நம் ஆட்கள் மலேரியாவில் கொத்துக்கொத்தாகப் போன காலத்தில், பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், வரிசையாக நிறுத்தி, டிரெசர் என்ற தோட்டத்து மருத்துவ உதவியாளர் கொயினாவை விழுங்க வைத்தார். மருந்தால் மட்டும் தோட்டம் பிழைக்கவில்லை. 1901-ல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் காட்டிய பிறகுதான் நிலைமை திரும்பியது. கொயினா ஆளை வேலைக்கு நிற்க வைத்தது, கொசுவை நிறுத்தியது வாய்க்கால். அப்படியானால் மாத்திரைக்குக் கொடுப்பானேன், வாய்க்கால் வெட்டக் கொடுக்கலாமே என்று மூத்தவர் கேட்டது சரியான கேள்வி.

வாட்சனே இதற்குப் பதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடலோரச் சதுப்பில் பலித்த முறையை மலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனபோது காய்ச்சல் கூடியது. சதுப்புக் கொசு நிழலில் முட்டையிடும் இனம். மலைக் கொசு வேறு இனம், காட்டை வெட்டி வெயில் பட்ட ஓடைத் தண்ணீர்தான் அதற்குப் பிடித்தது. அங்கே தரைக்கடியில் குழாய் பதிக்க வேண்டியிருந்தது, தண்ணீர்மேல் எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. எந்தக் கொசு, எங்கே முட்டையிடுகிறது என்று பார்க்காமல் ஒரே மருந்தை எல்லா ஊருக்கும் எழுத முடியாது என்பது மலாயாவில் கற்ற பாடம். சாஹேல் கொசு மழை பெய்ததும் மாட்டுக் குளம்படியில் தேங்கும் தண்ணீரில்கூட முட்டையிடும். எந்த வாய்க்கால் அதை வடிக்கும்? அதனால் அங்கே வலையும் மாத்திரையும்தான் இப்போதைக்கு. மலேசியாவில் 2018-லிருந்து உள்ளூரில் பரவும் மனித மலேரியா இல்லை, குரங்கிலிருந்து வரும் வகை மட்டும் இருக்கிறது. அந்த நிலைக்கு வர நமக்கு ஒரு நூற்றாண்டு ஆனது.

சரி, கணக்கு. 20,000 வெள்ளியை 4,500 டாலர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வலைக்குக் கொடுத்தால் சுமார் 800 வலை, வலைக்கு இருவர் என்றால் 1,600 பேர். மாத்திரைக்குக் கொடுத்தால் 640 குழந்தைகள், ஒரு மழைக்காலம். பார்த்ததும் வலைதான் ஜெயித்தது போலத் தெரியும். ஆனால் சாவு அதிகம் குழந்தைகளுக்கு. அந்த நாடுகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர், எனவே 1,600-ல் குழந்தைகள் 270 பேர் போல. ஒரு குழந்தைக்கு ஒரு வருஷக் காவலை ஒரு குழந்தை வருஷம் என்று எண்ணினால், வலை இரண்டரை வருஷம் உழைத்தால் 670 குழந்தை வருஷங்கள். மாத்திரையின் 640-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வலை அதோடு தாய்க்கும் தகப்பனுக்கும் காவல், கர்ப்பிணிக்கும் காவல். மாத்திரை அந்தக் குழந்தைக்கு மட்டும், ஆனால் காய்ச்சல் பாதிக்குப் பதில் முக்கால் பங்கு குறையும். கிவ்வெல் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு இப்படிப்பட்ட திட்டங்களை வருஷாவருஷம் அலசி, ஓர் உயிரைக் காக்க 3,000 முதல் 5,500 டாலர் வரை ஆகும் என்று மதிப்பிடுகிறது. இரண்டு அமைப்புகளும் அதன் பட்டியலில் மேலே இருப்பவை. எங்கள் மிச்சப் பணம் முழுசும் போனால் சராசரியாக ஒரு குழந்தை பிழைக்கும் என்று பொருள். பேரும் முகமும் தெரியாத ஒரு குழந்தை. இதைக் கேட்டதும் குழுவில் இரண்டு பேருக்கு “இவ்வளவுதானா” என்று ஏமாற்றம். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது.

கணக்கு சமமாக நிற்பதால் எங்கள் தோதுதான் தீர்மானிக்க வேண்டும். மாத்திரை வருஷாவருஷம் கொடுக்க வேண்டியது. தைப்பூசமும் வருஷாவருஷம் வருகிறது, மிச்சமும் அப்படியே. வலை ஒரு தடவை பெரிய விநியோகம், பிறகு இரண்டு மூன்று வருஷம் சும்மா. தொடர்ந்து வரும் சின்னத் தொகை மாத்திரைத் திட்டத்துக்குத்தான் ஒத்துப்போகும். மருந்தை மாதக்கணக்கில் முன்கூட்டியே ஆர்டர் செய்ய வேண்டும் என்பதால் இந்த வருஷப் பணம் இந்த மழைக்கே போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025-ல் அமெரிக்கா யூ.எஸ்.எய்டு என்ற தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தை மூடிய பிறகு மலேரியாத் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஓட்டை விழுந்திருக்கிறது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்ற சமரசத்தை நான் ஆதரிக்கவில்லை. எல்லாரையும் திருப்தி செய்வது தவிர அதில் லாபம் இல்லை, வங்கிக் கட்டணம் இரண்டு தடவை போகும்.

நிர்வாக விஷயம் கொஞ்சம். வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான் வரிக் கழிவு உண்டு. லண்டன் அமைப்புக்குக் கொடுத்தால் கிடையாது. உண்டியலில் போட்டவர்கள் யாரும் ரசீது கேட்கவில்லை என்பதால் இது எங்களைப் பாதிக்காது. கம்பெனி நன்கொடை வாங்குகிற குழுக்கள் யோசிக்க வேண்டும். சங்கப் பதிவில் நிதியை எதற்குச் செலவழிக்கலாம் என்று எழுதியிருக்கிறது என்பதைச் செயலாளர் முதலில் பார்க்கட்டும். பொதுக்கூட்ட ஒப்புதல் இல்லாமல் ஒரு காசும் போகக்கூடாது. “சாமிக்குக் கொடுத்த காசு எங்கே போச்சு” என்று யாராவது கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அடுத்த பந்தலில் தொகையையும் அமைப்பின் பெயரையும் ரசீதின் நகலையும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடலாம்.

பொதுக்கூட்டத்தில் நான் வைக்கப்போகும் தீர்மானம் இது: மிச்சம் முழுவதையும் மழைக்கால மாத்திரைத் திட்டத்துக்கு ஒரே தவணையில் அனுப்புவது, இதே ஏற்பாட்டை மூன்று தைப்பூசத்துக்குத் தொடர்வது, பிறகு திரும்ப ஒப்பிட்டுப் பார்ப்பது. மூன்று வருஷ வாக்குக் கொடுக்கச் சபைக்கு மனமில்லை என்றால், இந்த ஒரு தடவை மட்டும் கொசுவலைக்கு.